அம்மா கொட்டிவிட்ட தெம்பிலி

அன்புள்ள டிலானி, ஜூட்,

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அது கையில் மிச்சமிருக்கிற பலவீனம்தான். அப்பா அழுதுகொண்டே எழுதியிருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அதிகம் படித்தவன் இல்லை. கடையில் சீமெந்து எத்தனை மூட்டை, ஆணி எத்தனை பெட்டி என்று எழுதிப் பழகிய கை இது. இவ்வளவு நீளமாக ஒன்றை எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஜூட், போன கிழமை சாப்பிடும்போது நீ கேட்டாய். "அப்பா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில அம்மா ஏன் ஒங்களுக்குக் குடிக்கக் குடுக்காம கொட்டினாங்க?" அம்மா பக்கத்தில்தான் நின்றாள். உன் பீங்கானில் இன்னும் கொஞ்சம் சம்பல் வைத்துவிட்டுப் போனாள்.  எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நானும் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எழும்பிவிட்டேன். டிலானி, நீ கேட்கவே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அது நடந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ அம்மாவோடு தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறாய். எனக்கு ஜூட்டின் கேள்வியைவிட உன் பேசாமைதான் பயமாக இருக்கிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த நாட்களில் என் தலை என்னிடம் இருக்கவில்லை. பாதி நான் கண்டது, பாதி மற்றவர்கள் சொன்னது. இரண்டும் சில இடங்களில் ஒத்துப்போகவில்லை. எது சரி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்கியதை மட்டும் எழுதுகிறேன், விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்றே சொல்கிறேன்.

விடாமல் மழை பெய்து பாடசாலையை மூடினார்களே, அந்தக் கிழமை கண்டி டவுனில் எங்கள் ஹார்ட்வெயார் கடையின் பின்பக்க ஸ்டோருக்குள் கான் தண்ணீர், அதாவது ரோட்டோரச் சாக்கடைத் தண்ணீர், ஏறிவிட்டது. ரோட்டோரம் ஓடுகிற அழுக்கெல்லாம் அதில் மிதந்தது. சீமெந்து மூட்டைகள் நனைந்தால் கல்லாகிவிடும். முதலாளி பூட்ஸ் கொடுத்தார். பூட்ஸுக்குள்ளேயே தண்ணீர் நிறைந்து கால் தூக்க முடியாமல் போனதும் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினேன். என் குதிகாலில் எப்போதும் வெடிப்பு இருப்பது உங்களுக்குத் தெரியும்.

அது நடந்து சில நாட்களுக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. கெண்டைக்காலை யாரோ ஈரத்துணி பிழிவதுபோலப் பிழிந்தார்கள். கண் சிவந்தது. எல்லாரும் டெங்கு என்றார்கள். எங்கள் அம்பிட்டியப் பக்கத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு என்று பயப்படுவார்கள், அடுத்ததாகத் தெம்பிலிக் குலையோடு வருவார்கள். செவ்விளநீரைத்தான் நாங்கள் எல்லாரும் சிங்களத்தில் சொல்வதுபோலத் தெம்பிலி என்கிறோம். பக்கத்து வீட்டுக் குசும் அக்கா முதல் குலையைக் கொண்டுவந்தார். பிறகு மாதா கோயிலில் இருந்து ஒருவர், கடையில் இருந்து ஒருவர். அலுமாரிக்குப் பக்கத்தில் தெம்பிலி குவிந்து கிடந்தது. அம்மா ஒவ்வொன்றாக வெட்டி, தும்பு தொண்டையில் சிக்கும் என்று துணியில் வடித்துத் தருவாள். நானும் குடித்துக்கொண்டே கிடந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அம்மா என்னிடம் வந்து கேட்டாள்.

"காலையிலேருந்து ஒண்ணுக்குப் போனீங்களா?"

"போயிருப்பேன்."

"போகல்ல. நேத்து ராவும் ஒரு தரம்தான் எந்திரிச்சீங்க. இம்புட்டுக் குடிக்கிறீங்க, அதெல்லாம் எங்க போகுது?"

"வேர்த்திருக்கும் புள்ள, என்னைத் தூங்க விடு."

என் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். கண் மஞ்சளாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான், உடனே த்ரீவீல் பிடிக்க ஓடிவிட்டாள். இது எனக்கு இன்றைக்கும் விளங்காத முதல் விஷயம். பிளவுஸ் தைத்துக்கொண்டு, அடுப்பில் ஒன்றைக் கொதிக்க வைத்துக்கொண்டு, உங்களைப் பாடசாலைக்கு அனுப்பிக்கொண்டு, வீட்டில் யார் எப்போது எழுந்து போனார்கள், யார் போகவில்லை என்பதையும் ஒரு மனுஷி எப்படி மனதில் வைத்திருக்கிறாள்? நோயோடு கிடந்த வருத்தக்காரன் நானே கவனிக்கவில்லை.

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் வெளிநோயாளர் வரிசையில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. முன்னால் இருந்த ஒரு பெண்ணின் பச்சைக் குடை சொட்டிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் கலங்கல். இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள், ஸ்கேன் செய்தார்கள். எது முதலில், எது பிறகு என்று தெரியாது. என் செருப்பை அம்மா ஒரு பையில் போட்டு நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தள்ளுகதிரைக்குப் பின்னால் நடந்து வந்தாள். அது மட்டும் துலக்கமாக இருக்கிறது.

டெங்கு இல்லை, எலிக்காய்ச்சல் என்றார்கள். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் ஒரு கிருமி இருக்கும். காலில் வெடிப்பு, கீறல் இருந்தால் அது வழியாக உடம்புக்குள் ஏறிவிடும். சிலருக்குக் காய்ச்சலோடு போய்விடும். எனக்கு ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடித்துவிட்டது. சிறுநீரகம் என்பது நம் உடம்பின் வடி. இரத்தத்தில் இருக்கிற கழிவையும் வேண்டாத தண்ணீரையும் வடித்து வெளியே அனுப்புவது அதன் வேலை. என்னுடையது வேலையை நிறுத்திவிட்டது. கழிவு மூளைக்கும் ஏறியதால்தான் என் புத்தி கலங்கியது என்று பிறகு சொன்னார்கள். சில நேரம் நான் ஸ்டோரில் இருப்பதாக நினைத்திருக்கிறேன். சேலைன் தொங்குகிற கம்பியைப் பார்த்து, அதை யார் இங்கே வைத்தது, உள்ளே எடுத்து வை என்று கத்தினேனாம். எனக்கு அப்படி ஒரு ஞாபகமும் இல்லை.

குடிக்கிற தண்ணீரை அளந்துதான் தர வேண்டும் என்றார்கள். முந்தின நாள் எவ்வளவு சிறுநீர் வெளியே போனதோ அதற்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான். வெளியே போகாத தண்ணீர் நுரையீரலில் தேங்கிவிடும். அம்மா அதை நன்றாகவே விளங்கிக்கொண்டாள். வாட்டு நர்ஸ் மிஸ்ஸி சிங்களத்தில் சொன்னாலும் அம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பாஷையால் ஒரு பிழையும் நடக்கவில்லை.

பிழை வேறு மாதிரி நடந்தது. அதை எழுத எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. அம்மாதான் சொன்னாள், "எழுதுறதுன்னா நான் குடுத்ததையும் சேத்து எழுதுங்க. பாதிய எழுதாதீங்க."

நாள் முழுவதற்கும் ஒரு சின்னப் போத்தல்தான் குடிக்கலாம் என்றதும் அம்மா என்ன நினைத்தாள் தெரியுமா? கொஞ்சம்தான் குடிக்கலாம் என்றால் அந்தக் கொஞ்சமாவது சத்தானதாக இருக்கட்டும் என்று நினைத்தாள். வெறும் தண்ணீரால் அந்த அளவை நிரப்ப அவளுக்கு மனம் வரவில்லை. ஆகவே வீட்டில் தெம்பிலியை வெட்டி, வடித்து, மருந்துப் போத்தலின் மூடியால் அளந்து, அந்த அளவுக்கு ஒரு சொட்டும் கூடாமல் கொண்டுவந்தாள். மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் பாதி, பின்னேரம் பாதி. வாயில் பஞ்சால் நனைத்து நனைத்துத் தந்தாள். சட்டத்தை மீறவில்லை. ஒரு சொட்டுக்கூட மீறவில்லை.

தெம்பிலியில் பொட்டாசியம் என்கிற உப்பு நிறைய இருக்கிறதாம். நல்ல சிறுநீரகம் உள்ளவனுக்கு அது அமிர்தம். சிறுநீரகம் நின்றவனுக்கு அந்த உப்பு வெளியே போக வழியில்லை. இரத்தத்தில் ஏறி ஏறி, இருதயத்தின் துடிப்பைக் குழப்பி, கடைசியில் நிறுத்திவிடும்.

அடுத்த நாள் என் நெஞ்சில் ஒட்டிய வயர்கள் போகிற திரையில் கோடு மாறி ஓடியதாம். ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். இருதயத்தைக் காப்பாற்ற ஓர் ஊசி, உப்பை இறக்க இன்னோர் ஊசி. கழுத்தில் குழாய் போட்டு இரத்தத்தை மெஷினுக்குள் விட்டுச் சுத்தம் செய்தார்கள். அதைத்தான் டயலிசிஸ் என்பது. நின்றுபோன சிறுநீரகத்தின் வேலையை அந்த மெஷின் சில மணித்தியாலம் செய்யும். எனக்குத் தெரிந்ததெல்லாம் கழுத்தில் ஒரு பாரம், காதில் ஓர் இரைச்சல். மழை பெய்கிறது, ஸ்டோருக்குத் தண்ணீர் வரப்போகிறது என்று நினைத்தேன்.

அம்மா மத்தியானம் வந்தபோது வாட்டு டொக்டர் ஒருவர் காத்திருந்தார். யாழ்ப்பாணப் பக்கத்துப் பிள்ளை, சின்ன வயது. அடுத்த கட்டிலில் இருந்த ஃபாரூக் நானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கலகெதரையில் துணிக்கடை வைத்திருப்பவர். அவருக்கும் சிறுநீரகத்தில்தான் கோளாறு. இதை எனக்குச் சொன்னவர் அவர்தான்.

"இவருக்கு ஆர் செவ்விளநீர் குடுத்தது?"

"நான்தான் டொக்டர்."

"எவ்வளவு?"

"நீங்க சொன்ன அளவுதான். அளந்துதான் குடுத்தேன். தண்ணிக்குப் பதிலா."

டொக்டர், "அளவு சரி அம்மா. சாமான்தான் பிழை" என்றாராம். பிறகு அந்த உப்பைப் பற்றி எல்லாம் விளங்கப்படுத்தி, "பயப்பிடாதையுங்கோ, ஊரிலை எல்லாரும் குடுக்கிறதுதான். இனி மட்டும் குடுத்திடாதையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அம்மா அழவில்லை என்கிறார் ஃபாரூக் நானா. கையிலிருந்த போத்தலை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாளாம். கழுவிக் கழுவி, கழுவுவதை நிறுத்தவே இல்லையாம். "நான் நெனச்சேன் தம்பி, போத்தல்ல ஓட்டை விழப்போகுது எண்டு" என்றார். அம்மாவிடம் கேட்டால், அழுதேன், பாத்ரூமில் போய் அழுதேன், நானா அதைக் கண்டிருக்க மாட்டார் என்கிறாள்.

அதற்குப் பிறகு அம்மா வேறு ஆளாகிவிட்டாள். வருத்தம் பார்க்க வருகிறவர்களுக்கு வெறுங்கையோடு வர மனம் வராது. வாட்டுக்கு வெளியே, படிக்கட்டில், பஸ் தரிப்பில், எங்கே கண்டாலும் அவர்கள் கையில் தெம்பிலி இருந்தால் அம்மா பறித்துவிடுவாள். குசும் அக்கா அவ்வளவு தூரம் கொண்டுவந்த குலையைத் திருப்பி அனுப்பினாள். குசும் அக்காவுக்குக் கோபம் வந்து, கொஞ்ச நாள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கதைக்கவே இல்லை. ஒருவர் வாழைப்பழம் கொண்டுவந்தார். அதிலும் அந்த உப்பு கூடவாம். அதுவும் வாசலோடு போயிற்று.

"தம்பி, ஒங்கட பொஞ்சாதி வார நேரத்துக்கு இந்த வாட்டுல எல்லாரும் சாமான ஒளிச்சி வெக்கிறாங்க. கஸ்டம்ஸ்ல கூட இவ்வளவு செக்கிங் இல்ல" என்பார் ஃபாரூக் நானா.

எனக்குச் சமைத்துக் கொண்டுவந்த மரக்கறியையும் சொல்ல வேண்டும். மரக்கறியிலும் அந்த உப்பு இருக்கிறது. அதைப் போக்குவதற்குச் சின்னதாக வெட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, அவித்து, அந்தத் தண்ணீரையும் கொட்டி, பிறகுதான் சமைக்க வேண்டும். உப்பும் போடக்கூடாது. அம்மாவின் கைக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். பூசணிக்காய்ப் பால்கறியில் அவளை வெல்ல நம் கோயில் சனத்தில் ஆள் இல்லை.

"இதென்ன தங்கச்சி, காகிதத்த அவிச்சிக் கொண்டாந்தீங்களா?" என்றார் ஃபாரூக் நானா, என் தட்டை எட்டிப் பார்த்து.

"நானா, ஒங்க வீட்டுப் பார்சல்ல கருவாடு மணக்குது. மிஸ்ஸிகிட்ட சொல்லவா?"

"அல்லாஹ்வே! சும்மா இருங்க தங்கச்சி. வாசம் புடிக்க மட்டும் கொண்டாந்தது."

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

புசல்லாவைப் பெரியப்பா உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். அவர் வாசலில் நின்றவரிடம் கெஞ்சி உங்களை உள்ளே கொண்டுவந்தார். பெரியப்பா மேல் நீங்கள் கோபப்படக்கூடாது. எங்கள் அப்பா இறந்தபோது எனக்கு ஜூட்டின் வயது. தோட்டத்தில் வேலை செய்து என்னை வளர்த்தவர் அவர். தம்பி சாகக் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு, முதல் பஸ்ஸில் ஏறி, பையில் ஒரு பெரிய சோடாப் போத்தல் நிறையத் தெம்பிலியோடு வந்திருந்தார்.

எனக்கு அந்த வாசனை தெரிந்தது. முகம் தெரியவில்லை, ஆனால் வாசனை தெரிந்தது. நாக்கு மரக்கட்டைபோல இருந்தது. உலகத்தில் எனக்கு அந்த நேரம் வேறு ஒன்றும் தேவையாக இருக்கவில்லை.

"என்னடா தம்பி, நாக்கெல்லாம் வரண்டு கெடக்கு. இந்தா, வாயத் தொற."

"மச்சான், குடுக்காதீங்க. டொக்டர் வேணாம்னு சொல்லியிருக்காங்க."

"தண்ணிதானேம்மா வேணாம்னாங்க? இது தண்ணியா? மருந்து!"

"இல்ல மச்சான். இதுதான் கூடவே கூடாது."

"காய்ச்சக்காரனுக்குத் தெம்பிலி கூடாதுன்னு எந்த ஊர்ல சொன்னாங்க? ஒங்கப்பன் வீட்லயா?"

நான், "குடு ரீட்டா, ஒரு மொடக்கு" என்று கெஞ்சினேன். பெயரைச் சொல்லித்தான் கெஞ்சினேன். ஆகவே அந்த நேரம் அவளை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். ஜூட், நீ "குடுங்கம்மா, அப்பா பாவம்!" என்று கத்தினாய். அது என் காதிலேயே விழுந்ததா, பிறகு யாராவது சொன்னார்களா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் உன் குரலோடுதான் எனக்குள் இருக்கிறது.

பெரியப்பா மூடியைத் திருகினார். அம்மா அவர் கையிலிருந்து போத்தலைப் பறித்தாள். தன் புருஷனின் அண்ணன் கையிலிருந்து, வாட்டில் எல்லாரும் பார்க்க, பிள்ளைகள் பார்க்க. நேரே போய்க் கை கழுவுகிற தொட்டியில் கவிழ்த்தாள். தொட்டியில்தான் என்று ஃபாரூக் நானா சொல்கிறார். டிலானி, நீ ஜன்னலால் வெளியே கொட்டியதாகப் பெரியம்மாவிடம் சொன்னாயாம். அம்மா, எங்கே கொட்டினேன் என்று எனக்கே தெரியாது, கடைசிச் சொட்டு போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன் என்கிறாள். பெரியப்பா உங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு வெளியே போனார். வாசலில் அவர் சொன்னது உங்களுக்குத்தான் தெரியும். எனக்குச் சொல்ல வேண்டாம்.

நான் அம்மாவிடமும் ஏதோ சொன்னேனாம். என்ன என்று கேட்டால் அவளும் சொல்வதில்லை, ஃபாரூக் நானாவும் சொல்வதில்லை. "மெஷின்ல போட்டுக் கழுவியாச்சி தம்பி, அழுக்கெல்லாம் போயிட்டு, உடுங்க" என்பார்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவிடம் கேட்டேன். "அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. இது ஒரு தரம் குடுத்துத்தான் இவருக்கு நெஞ்சு நிக்கப் பாத்துச்சுன்னு. அண்ணன் கேட்டிருப்பாரு."

"புள்ளைங்க நின்னாங்களே."

"அதுக்கு?"

"நெஞ்சு நிக்கப் பாத்துச்சுன்னு அதுங்க காதுல விழணுமா? அன்னைக்கு அங்கேருந்து வீட்டுக்குப் போய் அதுங்க எப்படித் தூங்கும்? என்மேல கோவம்னா பரவாயில்ல. ரெண்டு நாள் நல்லா சமைச்சுப் போட்டா கோவம் போயிரும். பயம் போகுமா?"

 அவ்வளவு சனத்துக்கு முன்னால், அவ்வளவு ஏச்சுக்கு நடுவில், இதை எப்போது யோசித்தாள்? யோசித்துத்தான் செய்தாளா, இல்லை யோசிக்காமலே கை அப்படிப் போய்விட்டதா? கேட்டால் சிரிக்கிறாள். "அத யோசிக்கவும் நேரம் வேணுமா ஒங்களுக்கு?" என்கிறாள். டிலானி, அவள் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. ஜூட்டின் கோபம் சாப்பாட்டோடு போய்விடும். உன்னுடையது போகவில்லை. அதனால்தான் முழுவதையும் உனக்குச் சொல்கிறேன். அப்பா இப்போது நன்றாகிவிட்டேன், பயப்பட ஒன்றும் இல்லை.

டயலிசிஸ் இன்னும் சில தடவை செய்தார்கள். ஒருநாள் விடிய, எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது நடந்தது. மிஸ்ஸி மூத்திரப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அளந்து பார்த்துச் சிரித்தார். ஃபாரூக் நானா, "அல்ஹம்துலில்லாஹ்! கான் ஒடச்சிக்கிட்டு ஓடுது!" என்று வாட்டையே எழுப்பினார். மத்தியானம் அம்மா வந்ததும் அவரே முந்திக்கொண்டு சொன்னார். அம்மா பையைக் கீழே வைக்கவும் இல்லை. "என்ன கலர்ல போச்சு?" என்று கேட்டாள். நானா சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. பாவம், அவருடைய கான் இன்னும் ஓடவில்லை. கிழமைதோறும் மெஷினுக்கு வருகிறார். கிளினிக் போகும்போது அவரைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

ஆஸ்பத்திரியில் காசு கேட்கவில்லை. ஆனால் வெளியே செய்த டெஸ்டுகள், த்ரீவீல், வீட்டுச் செலவு எல்லாம் இருந்திருக்கும். எப்படிச் சமாளித்தாள் என்று அம்மா சொல்லவில்லை. சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது வீட்டு விஷயம். இதையும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

டொக்டர் வேலைக்குப் போகக்கூடாது என்றதால் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து முதல்தடவையாகக் கிழமை நாட்களில் வீட்டில் இருந்தேன். ஹோலில் போட்ட கட்டிலில் படுத்துக்கொண்டு பார்க்க அம்மாவைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் அம்மா செய்ததெல்லாம் ஏதோ ஆபத்துக்காக வந்த புதுப் பலம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஜூட், உனக்குத் தக்காளி விதை பிடிக்காது என்று ஒவ்வொன்றிலும் விதையை எடுத்துவிட்டுத்தான் உனக்குக் கறி வைக்கிறாள். உனக்கு அது தெரியுமா? எனக்குத் தெரியாது. டிலானி, உன் வெள்ளைச் சட்டையைக் கழுவி, மழை நாளில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, புகை படாமல் இருக்கப் பக்கத்திலேயே நின்று திருப்பித் திருப்பிக் காயவைக்கிறாள். நாங்கள் மூன்று பேரும் இருமுகிற இருமல் அவளுக்கு மூன்று விதமாகக் கேட்கிறது. மெஷின் ஓடும்போதே, "ஜூட், வெளிய போகாத, தொப்பி போடு" என்கிறாள். நான் எட்டிப் பார்த்தால் நீ இன்னும் கதவுக்கே வந்திருக்க மாட்டாய். தெம்பிலியை மூடியால் அளந்தது, மரக்கறியை இரண்டு தரம் அவித்தது, பறித்துக் கொட்டியது எல்லாம் இதே வேலைதான். நடுவில் ஒரு பஸ் பயணம் மட்டும் கூடியிருந்தது. இதை ஏன் இத்தனை வருஷமாக நான் காணவில்லை என்று நினைத்தால் தலை சுற்றுகிறது. ஒளித்துச் செய்ததும் இல்லை. என் கண்ணுக்கு முன்னால்தான் செய்திருக்கிறாள்.

நன்றி சொல்லலாம் என்று ஒருநாள் தொடங்கினேன். "ரீட்டா, நீ இவ்வளவு..." என்றதும், "என்ன, மேலுக்கு முடியல்லயா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அதோடு விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் கண்டேன். இருட்டோடு அம்மா சமைக்கிற குசினியின் பின்கதவைத் திறக்கும்போது இரண்டு கையாலும் கதவைத் தூக்கித்தான் திறக்கிறாள். மேல் பிணைச்சலின் ஆணிகள் தளர்ந்து, கதவு சரிந்து தரையில் உரசுகிறது. சும்மா தள்ளினால் கரகர என்று வீடே எழும்பிவிடும். நாங்கள் தூங்க வேண்டும் என்று தூக்கித் திறந்து, தண்ணீர் எடுத்து வந்து, மறுபடி தூக்கி மூடுகிறாள். நான் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறவன். அவள் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் பூசைக்குப் போன பிறகு, நான் எழும்பிப் பின்கதவுக்குப் போனேன். அம்மா பிடிக்கிற இடத்தில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. அதே இடத்தில் கை வைத்துத் தூக்கிப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. மூச்சு வாங்கியது. கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு, கீழே ஒரு பலகைத் துண்டைச் செருகிக் கதவை நிமிர்த்தினேன். பழைய ஆணிகளைக் கழற்றி, அதைவிட நீளமான ஸ்குரூ ஆணிகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன். ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவில் சுவரில் சாய்ந்து இளைப்பாறினேன். கடைசி ஆணி இறுகியதும் பலகையை உருவினேன். ஒரு விரலால் கதவைத் தள்ளினேன். சத்தமில்லாமல் திறந்தது.